தடிமன் காய்ச்சலுக்கு ஊசி: போடுவதா, விடுவதா?

இடைத்தங்கல் முகாமாக மாறிய ஒரு பாடசாலை மண்டபத்தை நினைத்துப் பாருங்கள். மண்சரிவு அபாயம் என்று சொல்லி லயத்திலிருந்து எழுப்பப்பட்ட முப்பது குடும்பங்கள் அங்கே தங்கியிருக்கின்றன. வாங்குகளை அடுக்கி, சேலைகளைக் கட்டி, குடும்பத்துக்கு ஒரு மூலை என்று பிரித்திருக்கிறார்கள். குளிருக்குப் பயந்து ஜன்னல்கள் எல்லாம் பூட்டியிருக்கின்றன. ஒரு பிள்ளை இருமத் தொடங்குகிறது. மூன்றாம் நாள் பக்கத்து மூலையில் இரண்டு பேருக்குக் காய்ச்சல். ஒரு கிழமைக்குள் பாதி மண்டபம் பாயில் கிடக்கிறது.

அங்கே ஒரு குடும்பம். முட்டு வருத்தமுள்ள ஒரு பாட்டி, ஆறு மாதக் கர்ப்பிணியான மருமகள், மூன்று வயதுப் பிள்ளை, வீட்டுக்காரர். கொழும்பில் வேலை செய்யும் தம்பி தொலைபேசியில் சொல்கிறார்: “அண்ணா, டவுன்ல பிரைவேட் ஆஸ்பத்திரியில இந்தக் காய்ச்சலுக்கு ஊசி போடுறாங்களாம். அம்மாவக் கூட்டிக்கிட்டுப் போங்க.” வீட்டுக்காரரின் கையில் இருப்பது கடைசி முறை உருளைக்கிழங்கு விற்ற காசு. திரும்பத் தோட்டம் கொத்தினால் விதைக்கு வேண்டிய காசும் அதுதான்.

இந்த ஊசி உண்மையில் பயன் தருமா? விதைக் காசை உடைத்து அதைப் போடத்தான் வேண்டுமா? போடுவதென்றால் வீட்டில் யாருக்கு? இவை இடம்பெயர்ந்த பல குடும்பங்களுக்கு இருக்கும் கேள்விகள். “போட்டால் ஒன்றும் வராது” என்று சிலரும், “அது காசு பிடுங்கும் வேலை” என்று சிலரும் சொல்கிறார்கள். இரண்டும் சரியல்ல. விபரமாகப் பார்ப்போம்.

எல்லாத் தடிமனும் ஒன்றல்ல

மூக்கால் தண்ணீர் வடிந்து, தும்மி, தொண்டை கரகரத்து, தானாகவே மாறிப்போவது சாதாரணத் தடிமன். அதை உண்டாக்கும் கிருமிகள் நூற்றுக்கு மேற்பட்டவை. அதற்கு ஊசி கிடையாது. கொத்தமல்லித் தண்ணீரும் ஓய்வும் போதும்.

இன்புளுவென்சா என்பது வேறு. காலையில் மலைக்குப் போனவர் மாலையில் நடுங்கிக்கொண்டு வந்து படுப்பார். திடீரென்று கடும் காய்ச்சல், தலையிடி, உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போன்ற வலி, வரட்டு இருமல் என்று அது தொடங்கும். பெரும்பாலானோர் ஒரு கிழமையில் எழுந்துவிடுவார்கள். ஆனால் இருமலும் களைப்பும் இரண்டு கிழமைக்கு மேலும் இழுக்கலாம். சிலருக்கு அது நெஞ்சுக்குள் இறங்கி நிமோனியாவாகிறது. உலகில் ஒவ்வோர் ஆண்டும் 290,000 முதல் 650,000 பேர் வரை இன்புளுவென்சாவினால் வரும் சுவாச நோய்களால் இறப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. முதியோர், சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், நெஞ்சு, இருதய, சீனி வருத்தமுள்ளோர் ஆகியோருக்கே இதனால் கூடிய ஆபத்து.

கிருமி உடம்பில் புகுந்து ஒன்று முதல் நான்கு நாட்களுக்குள் வருத்தம் வெளியே தெரியும். வருத்தம் தெரிவதற்கு முதல் நாளே அது அடுத்தவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். அதன் பின் ஐந்து முதல் ஏழு நாட்கள் வரை தொற்றும். இருமும்போதும் பேசும்போதும் தெறிக்கும் நீர்த்துளிகளே அதைச் சுமந்து செல்கின்றன. எனவே ஒருவர் மூச்சை ஒருவர் சுவாசிக்கும் லயன் காம்பராவும் முகாம் மண்டபமும் அதற்கு மிகவும் வசதியான இடங்கள்.

எங்கள் பகுதியில் அது வரும் காலம்

குளிர் நாடுகளில் இன்புளுவென்சா ஆண்டுக்கு ஒரு தடவை மாரிகாலத்தில் வருகிறது. இலங்கையில் அப்படியல்ல. இங்கே ஆண்டு முழுவதும் அது சிறிதளவு இருந்துகொண்டே இருக்கும். ஆனால் இரண்டு தடவை ஏறும். ஏறத்தாழ ஏப்ரல் முதல் ஜூலை வரை ஒரு ஏற்றம். நவம்பர் முதல் பெப்ரவரி வரை இன்னொரு ஏற்றம். கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனம் வைத்தியசாலைகளிலிருந்து வரும் மாதிரிகளைப் பரிசோதித்து, எந்த வகைக் கிருமி பரவுகிறது என்று கவனித்து வருகிறது.

இந்த மாதங்களை எங்கள் வாழ்க்கையோடு பொருத்திப் பாருங்கள். ஏப்ரலில் நுவரெலியாவில் ‘சீசன்’. நாடெங்கும் இருந்து சனம் வந்து குவிகிறது. அதே மாதத்தில் சித்திரைப் புத்தாண்டுக்குக் கொழும்பிலிருந்து பிள்ளைகள் வீடு வருகிறார்கள். பின்னர் தீபாவளி, நத்தார், தைப்பொங்கல் என்று மீண்டும் வருகிறார்கள். நெரிசலான பஸ்ஸில் வந்து, ஒரே காம்பராவில் எல்லோரும் படுக்கிறோம். புதுச் சேலையோடு கிருமியும் வீட்டுக்கு வருவதில் வியப்பில்லை.

மலை சரியும் காலமும் இதுவே. கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தது 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி. டித்வா புயலின் மழை நுவரெலியா, பதுளை, கண்டி மாவட்டங்களில் மலைகளைச் சரித்தது 2025 நவம்பர் இறுதியில். ஆக, வீட்டை இழந்து மண்டபங்களில் நெருக்கமாக வாழ வேண்டி வரும் அதே மாதங்களில்தான் இந்தக் காய்ச்சலும் ஏறுகிறது. இடம்பெயர்ந்தோர் இதைப் பற்றி மற்றவர்களை விடக் கூடுதலாக அறிந்திருக்க வேண்டியதற்கு இதுவே காரணம்.

1918இல் நடந்தது

இக்காய்ச்சலை அற்பமாக எண்ணக்கூடாது என்பதற்கு எங்கள் நாட்டின் வரலாறே சாட்சி. 1918ஆம் ஆண்டில் உலகைச் சுற்றிய பெரும் இன்புளுவென்சா இலங்கைக்கும் வந்தது. அவ்வாண்டின் கடைசி மாதங்களிலும், மீண்டும் 1919இன் முற்பகுதியிலும் அது உயிர்களைக் கொண்டுபோனது. பழைய குடிசனக் கணக்குகளையும் மரணப் பதிவுகளையும் ஆராய்ந்தவர்கள் சுமார் மூன்று இலட்சம் பேர் இழக்கப்பட்டதாகக் கணக்கிட்டுள்ளனர். அன்றைய சனத்தொகையில் அது நூற்றுக்கு ஆறு பேருக்கும் அதிகம்.

அன்று இந்நோய்க்கு ஊசி இல்லை. நோயை உண்டாக்குவது எந்தக் கிருமி என்றுகூடத் தெரியாது. மனிதரிடமிருந்து அக்கிருமி பிரித்தெடுக்கப்பட்டது 1933ஆம் ஆண்டில்தான். எங்கள் மூதாதையர் கடல் தாண்டி வரும்போது மண்டபம் முகாமில் மறித்து அம்மை குத்தினார்கள். அம்மை குத்தியவருக்கு அம்மையிலிருந்து பாதுகாப்பு இருந்தது. இன்புளுவென்சாவிலிருந்து அவர்களைக் காக்க எதுவுமே இருக்கவில்லை.

ஏன் ஒவ்வோர் ஆண்டும் போட வேண்டும்?

பிள்ளைகளுக்கு ஒரு தடவை சின்னமுத்து ஊசி போட்டு, பின்னர் இரண்டாம் ஊசியும் போட்டால் அநேகமாக வாழ்நாள் முழுவதும் காவல். இலங்கையில் இளம்பிள்ளைவாதம் கடைசியாகக் காணப்பட்டது 1993இல். தடுப்பு மருந்தே அதற்குக் காரணம். இப்படிப் பழகிய எமக்கு, ஆண்டுதோறும் போட வேண்டிய ஊசி என்றால் சந்தேகம் வருவது இயல்பு.

சின்னமுத்துக் கிருமி தன் உருவை மாற்றுவதில்லை. இன்புளுவென்சாக் கிருமி ஆண்டுதோறும் சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறது. போன வருடம் அதைப் பிடித்து அடையாளம் கண்ட உடம்பின் காவலாளிக்கு இந்த வருடம் அடையாளம் தெரிவதில்லை. ஊசியால் கிடைத்த பாதுகாப்பும் ஆறு மாதம் போகப் போகக் குறைந்துவிடுகிறது.

ஆகவே உலக சுகாதார நிறுவனம் ஆண்டில் இரு தடவை, பெப்ரவரியிலும் செப்டெம்பரிலும், நிபுணர்களைக் கூட்டுகிறது. உலகெங்கும் இருந்து வரும் மாதிரிகளைப் பார்த்து, அடுத்த பருவத்தில் எவ்வகைக் கிருமிகள் வரக்கூடும் என்று தீர்மானிக்கிறது. அதன்படி புதிய ஊசி தயாரிக்கப்படுகிறது. பெரும்பாலும் கோழி முட்டைக்குள் கிருமியை வளர்த்து, அதைக் கொன்று, அதன் துண்டுகளை மட்டும் மருந்தாக்குகிறார்கள். தீர்மானம் பொருந்திவிட்டால் ஊசி நன்றாக வேலை செய்யும். கிருமி வேறு வழியில் மாறிவிட்டால் பயன் குறையும். வானிலை அறிக்கையைப் பார்த்து விதைப்பது போன்ற காரியம் இது.

எவ்வளவு காக்கும்? ஒரு கணக்கு

நன்றாகப் பொருந்திய ஆண்டுகளில், வைத்தியரைத் தேடிச் செல்ல வைக்கும் இன்புளுவென்சாவை இந்த ஊசி 40 முதல் 60 வீதம் வரை குறைக்கிறது. இதை வீட்டுக் கணக்கில் சொல்வோம்.

பல நாடுகளில் நடந்த சோதனைகளைச் சேர்த்து 2018இல் வெளியான ஒரு பெரிய மதிப்பீடு உண்டு. அதன்படி, நல்ல சுகதேகிகளான வளர்ந்தோர் 1000 பேர் ஊசி போடாமல் இருந்தால், ஒரு பருவத்தில் 23 பேருக்கு இன்புளுவென்சா வரும். ஊசி போட்ட 1000 பேரில் 9 பேருக்கு வரும். அதாவது 71 பேர் ஊசி போட்டால் ஒருவர் தப்புகிறார்.

65 வயதைத் தாண்டியவர்களில் ஊசி போடாத 1000 பேரில் 60 பேருக்கும், போட்ட 1000 பேரில் 24 பேருக்கும் வருகிறது. அதாவது 30 பேர் போட்டால் ஒருவர் தப்புகிறார்.

இக்கணக்கு இரண்டு உண்மைகளைச் சொல்கிறது. முதலாவது, திடகாத்திரமான ஓர் இளைஞர் தன் விதைக் காசை உடைத்து இந்த ஊசியைப் போட வேண்டிய அவசரம் இல்லை. இரண்டாவது, ஆபத்துக் கூடியவரிடத்தில் அதே ஊசி கூடிய பலன் தருகிறது. மேலும் 30 பேரில் ஒருவர் என்பது சாதாரண நாட்களின் கணக்கு. ஒரே மண்டபத்தில் முப்பது குடும்பங்கள் படுக்கும்போது நோய் வரும் வாய்ப்பு ஏறுகிறது. அப்போது தடுப்பின் பெறுமதியும் ஏறுகிறது.

“ஊசி போட்டேன், அப்படியும் தடிமன் வந்தது” என்று சொல்வோர் பொய் சொல்வதில்லை. அதே மதிப்பீட்டில், காய்ச்சலும் இருமலும் சேர்ந்து வரும் எல்லா வருத்தங்களையும் கூட்டிப் பார்த்தபோது, ஊசி போடாத 1000 பேரில் 215 பேருக்கும் போட்டவரில் 181 பேருக்கும் வந்தது. மற்றக் கிருமிகளை இந்த ஊசி தடுப்பதில்லை. அதனிடம் எதிர்பார்க்க வேண்டியது தடிமன் இல்லாத வருடம் அல்ல. கடும் இன்புளுவென்சாவும் அதனால் வரும் நிமோனியாவும் குறைவதையே எதிர்பார்க்க வேண்டும்.

இருதய வருத்தக்காரருக்கு இன்னொரு நன்மையும் தெரிய வந்துள்ளது. மாரடைப்பு வந்து வைத்தியசாலையில் இருந்தோருக்கு அங்கேயே இந்த ஊசியைப் போட்டு ஒரு வருடம் கவனித்தார்கள். பங்களாதேசமும் சேர்ந்திருந்த அந்தச் சோதனையின் முடிவு 2021இல் வெளியானது. வெற்று ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு ஐந்து பேரளவில் இறந்தார்கள். மருந்து ஊசி போட்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேரளவிலேயே இறந்தார்கள்.

ஒரு ஊசி, இரண்டு உயிர்

ஆறு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு இந்த ஊசியைப் போட முடியாது. ஆனால் இன்புளுவென்சா அந்த வயதுப் பிள்ளையை மோசமாகத் தாக்குகிறது. இதற்கு வழி தாயின் வயிற்றிலேயே இருக்கிறது. கர்ப்பிணித் தாய்க்குப் போடும் ஊசியால் அவள் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி கொடி வழியாகப் பிள்ளைக்கும் போகிறது.

பங்களாதேசத்தின் டாக்கா நகரில் 340 கர்ப்பிணிகளிடம் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் முடிவு 2008இல் வெளிவந்தது. இன்புளுவென்சா ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளில் 6 பேருக்கே முதல் ஆறு மாதத்தில் அந்நோய் உறுதிப்படுத்தப்பட்டது. வேறு ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளில் 16 பேருக்கு அது வந்திருந்தது. பின்னர் நேபாளத்தின் சார்லாஹி மாவட்டத்தில் 3,600க்கு மேற்பட்ட கிராமத்துத் தாய்மாரிடம் நடந்த சோதனையில் சிசுக்களுக்குக் கிடைத்த பாதுகாப்பு 30 வீதம்தான். ஆனால் அங்கே ஊசி போட்ட தாய்மாரிடையே நிறை குறைந்த பிள்ளைகள் பிறப்பதும் குறைந்திருந்தது. தோட்டப்புறங்களில் நிறை குறைந்த பிள்ளைகள் பிறப்பது பெரிய கவலையாக இருக்கும் எமக்கு இது சிறிய செய்தியல்ல.

கர்ப்பிணிக்கும் இதனால் நன்மை உண்டு. கர்ப்பகாலத்தில் நெஞ்சுக்கும் இருதயத்துக்கும் சுமை கூடுகிறது. அப்போது இன்புளுவென்சா வந்தால் கடுமையாகும் வாய்ப்பும் கூடுகிறது. கொல்லப்பட்ட கிருமியால் செய்த ஊசியைக் கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் போடலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை.

யாருக்கு முதலில்?

கையில் உள்ள காசுக்கு ஓர் ஊசிதான் என்றால், இந்த வரிசையில் யோசியுங்கள்:

1. வீட்டில் கர்ப்பிணி இருந்தால் முதலில் அவர்.
2. முட்டு, இருதய வருத்தம், சீனி வியாதி, சிறுநீரக வருத்தம் உள்ளவர்கள். அவர்கள் முதியவர்களாகவும் இருந்தால் முதலாமவருக்குச் சமமான அவசரம்.
3. 65 வயதைக் கடந்தவர்கள்.
4. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகள். முதல் தடவை போடும் பிள்ளைக்கு நான்கு கிழமை இடைவெளியில் இரண்டு ஊசி தேவை. செலவுக் கணக்கில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.
5. முகாமில் நோயாளரைப் பராமரிக்கும் தொண்டர்கள், பிள்ளைக் காம்பராவில் வேலை செய்வோர்.

நல்ல சுகத்தோடு இருக்கும் மற்றவர்கள் வசதியிருந்தால் போடலாம். போடாவிட்டால் குற்றமில்லை.

அடிக்கடி கேட்கப்படும் சில கேள்விகள்

“பிள்ளையின் கிளினிக் கார்டில் இன்புளுவென்சா ஊசி ஏற்கெனவே போட்டதாக இருக்கிறதே?”

அது வேறு. பிள்ளைகளுக்குப் போடும் ஐந்து நோய்த் தடுப்பூசியில் ‘ஹிப்’ என்று ஒன்று உண்டு. ஹீமோபிலஸ் இன்புளுவென்சே என்பது அதன் முழுப் பெயரில் வரும் கிருமி. அந்தக் காலத்தில் இன்புளுவென்சாவை உண்டாக்குவது அதுதான் என்று தவறாக எண்ணி வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. அது மூளைக்காய்ச்சலையும் ஒரு வகை நிமோனியாவையும் தடுக்கும் நல்ல ஊசி. ஆனால் நாம் பேசும் காய்ச்சலைத் தடுக்காது.

“ஊசியாலேயே காய்ச்சல் வருமா?”

ஊசியில் உள்ளது செத்த கிருமியின் துண்டுகள். அதனால் இன்புளுவென்சா வராது. கை வலிக்கலாம். ஓரிரு நாள் இலேசாகக் காய்ச்சலும் உடம்பு நோவும் இருக்கலாம். உடம்பு பாடம் படிப்பதன் அடையாளம் அது. பாதுகாப்பு வர இரண்டு கிழமை செல்லும். அதற்குள் நோய் தொற்றினால், ஊசிதான் கொண்டு வந்தது என்று தவறாக எண்ண இடமுண்டு.

“பெரிய ஆபத்து எதுவும் உண்டா?”

மிக அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை வரலாம். எனவே ஊசி போட்டபின் 15 நிமிடமாவது அங்கேயே இருந்துவிட்டு வாருங்கள். கைகால் நரம்பு தளரும் ஒரு வகை நோய் பத்து இலட்சம் ஊசிக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் வரக்கூடும். முன்பு அந்நோய் வந்தவர்களும், ஏதேனும் ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்தவர்களும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். கடும் காய்ச்சலோடு இருக்கும் நாளில் போட வேண்டாம்.

“காய்ச்சல் வந்தபின் இந்த ஊசியைப் போட்டால் மாறுமா?”

மாறாது. இது வருமுன் காப்பது மட்டுமே.

எங்கே, எப்போது, எவ்வளவு?

இலங்கையில் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் இலவசமாகப் போடப்படும் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் இன்புளுவென்சா ஊசி வழமையான ஊசியாகச் சேர்க்கப்படவில்லை. பெரும்பாலும் நகரங்களிலுள்ள தனியார் வைத்தியசாலைகளிலேயே காசு கொடுத்துப் போட வேண்டியிருக்கிறது. விலை இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு மாறும். புறப்படும் முன் தொலைபேசியில் விலையைக் கேளுங்கள். ஊசி கையிருப்பில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். ஊசியின் விலையோடு பஸ் காசையும், அன்று இழக்கும் பேரையும் கூட்டிக் கணக்குப் பாருங்கள். கிளினிக் நாளிலேயே இதையும் முடித்துவிட்டால் ஒரு நாள் பேர் மிஞ்சும்.

பாதுகாப்பு வர இரண்டு கிழமை செல்வதாலும், பின்னர் மெல்லக் குறைவதாலும், போடும் காலம் முக்கியம். மார்ச்சில், சித்திரைப் புத்தாண்டுக்கு முன்னரோ, ஒக்டோபரில், தீபாவளிக்கு வீடு நிறையும் முன்னரோ போடுவது நல்லது. கர்ப்பிணிகள் மாதம் பார்த்துக் காத்திருக்கத் தேவையில்லை. பிள்ளை பிறக்கும் முன் இரண்டு கிழமையாவது இருக்கும்படி போட்டால் போதும்.

மருந்துச் சிமிழில் எந்த ஆண்டுப் பருவத்துக்கானது என்றும், காலாவதியாகும் திகதியும் அச்சிட்டிருக்கும். இரண்டையும் பார்க்கக் கேட்பது உங்கள் உரிமை. இந்த மருந்து 2 முதல் 8 பாகை வரையான குளிரில் இருக்க வேண்டும். உறையவும் கூடாது. எனவே அதை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டு மலையேறி வந்து தோட்டத்தில் போடலாம் என்று எண்ண வேண்டாம். வாங்கிய இடத்திலேயே போடுங்கள்.

ஊசி கிடைக்காதவர்கள் என்ன செய்வது?

ஊசி இல்லாவிட்டால் வழியே இல்லை என்பதல்ல. கொவிட் நோய்க்காக உலகமே முகக்கவசம் அணிந்து, ஒதுங்கி, கை கழுவிய 2020, 2021 காலத்தில் இன்புளுவென்சா உலகெங்கும் அடையாளம் தெரியாமல் குறைந்தது. ‘பீ யமகாட்டா’ எனப்படும் ஒரு வகை 2020 மார்ச்சுக்குப் பின் எங்குமே உறுதியாகக் காணப்படவில்லை. சாதாரணப் பழக்கங்களுக்கு இருக்கும் பலத்துக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

முகாமிலும் லயத்திலும் செய்யக்கூடியவை இவை:

- பகலில் எதிரெதிராக இரண்டு ஜன்னல்களையாவது திறந்து வையுங்கள். குளிரும் பனியும் கிருமியை உண்டாக்குவதில்லை. குளிருக்காகக் கதவைப் பூட்டுவதே கிருமிக்கு உதவுகிறது.
- காய்ச்சல்காரரை ஜன்னலோரமாகப் படுக்க வையுங்கள். அடுத்தடுத்துப் படுப்போர் ஒருவர் தலைப்பக்கம் மற்றவர் கால்பக்கம் வரும்படி மாற்றிப் படுக்கலாம்.
- காய்ச்சல்காரர் முகக்கவசம் அணியட்டும். அது இல்லாவிட்டால் சுத்தமான துணியால் வாயையும் மூக்கையும் மூடி இருமட்டும்.
- மண்டப வாசலில் ஒரு வாளித் தண்ணீரும் சவர்க்காரமும் எப்போதும் இருக்கட்டும். அதை நிரப்பும் முறையை நாளுக்கு ஒரு குடும்பம் ஏற்கலாம்.
- விறகு அடுப்பைப் படுக்கும் இடத்திலிருந்து தள்ளி வையுங்கள். புகை நெஞ்சைக் கெடுத்துக் கிருமிக்கு வழி திறக்கிறது.
- தாய்க்குக் காய்ச்சல் என்றாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். வாயை மூடிக்கொண்டு கொடுக்கலாம்.

காய்ச்சலுக்குப் பனடோலும், நிறையக் குடிபானமும், ஓய்வும் போதும். கடையில் வாங்கும் அன்டிபயோட்டிக் மாத்திரைகள் இந்தக் கிருமியைக் கொல்லா. பிள்ளைகளுக்கு அஸ்பிரின் கொடுக்கக் கூடாது. டெங்குவும் எலிக்காய்ச்சலும் தொடக்கத்தில் இதே போலத்தான் இருக்கும். ஆகவே வைத்தியர் சொல்லாமல் புருபன் போன்ற நோ மாத்திரைகளையும் எடுக்க வேண்டாம். சேற்றிலும் வெள்ளத்திலும் நின்று வேலை செய்தவர் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும்.

காத்திருக்கக் கூடாத வேளை

கீழுள்ளவற்றில் ஒன்று கண்டாலும் உடனே அரசாங்க வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள்: மூச்சு வாங்குதல், பிள்ளையின் விலா உள்ளிழுத்தல், உதடு நீலமாதல், நெஞ்சு நோ, வலிப்பு, நினைவு தடுமாறுதல், பிள்ளை பால் குடிக்க மறுத்தல், நாள் முழுக்கச் சிறுநீர் போகாமை, குறைந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல், மூன்று நாளுக்கு மேல் காய்ச்சல் நிற்றல்.

கர்ப்பிணிகளும் முட்டு, இருதய வருத்தக்காரரும் இந்த அறிகுறிகளுக்காகக் காத்திருக்கக் கூடாது. காய்ச்சல் தொடங்கிய முதல் நாளே போக வேண்டும். இன்புளுவென்சாவுக்கு ஒசெல்டமிவிர் என்ற மருந்து உண்டு. தொடங்கி 48 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் அது நன்றாக வேலை செய்யும். “இன்று பேரை விட்டால் காசு போகும், நாளை பார்ப்போம்” என்று தள்ளிப்போடும் அந்த ஒரு நாள் சில வேளை மிகவும் விலையுயர்ந்த நாளாகிவிடும்.

சேர்ந்து செய்வோம்

தொடக்கத்தில் சொன்ன குடும்பத்துக்கு வருவோம். அவர்கள் என்ன செய்யலாம்? ஓர் ஊசிக்குத்தான் வழி என்றால் மருமகளுக்குப் போடுவது நல்ல முடிவு. அதே காசில் தாயும் பிறக்கப்போகும் பிள்ளையும் காவல் பெறுகிறார்கள். இரண்டாவது ஊசிக்கு வழி கிடைத்தால் பாட்டிக்கு. வீட்டுக்காரருக்குத் தேவையில்லை. அவரது விதைக் காசில் மிஞ்சுவது மிஞ்சட்டும். ஆனால் அவர் காய்ச்சலோடு வந்தால், அந்த ஒரு கிழமை மனைவியின் மூலையிலிருந்தும் தாயின் மூலையிலிருந்தும் விலகிப் படுக்க வேண்டும்.

இந்தச் சுமையைக் குடும்பம் தனியாகச் சுமக்கத்தான் வேண்டுமா? முகாம் போன்ற நெருக்கமான இடங்களில் வாழ்வோரையும் இந்த ஊசிக்குக் கவனத்தில் எடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. உங்கள் முகாமில் எத்தனை கர்ப்பிணிகள், எத்தனை முதியோர், எத்தனை முட்டு வருத்தக்காரர் என்று ஒரு பட்டியல் எழுதுங்கள். குடும்பநல உத்தியோகத்தரிடமும் தோட்ட வைத்திய உதவியாளரிடமும் அதைச் சரிபார்த்து, சுகாதார வைத்திய அதிகாரியின் பணிமனைக்குக் கடிதமாகக் கொடுங்கள். பிரதியைக் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும் கொடுங்கள். “ஊசி வேண்டும்” என்று பத்துப் பேர் தனித்தனியாக வாயால் சொல்வதைவிட, பெயரும் வயதும் எழுதிய ஒரு தாளுக்குப் பெறுமதி அதிகம். சிறுசேமிப்புக் குழுக்களும் மரணாதார சங்கங்களும் இதையும் யோசிக்கலாம். இறந்தபின் கொடுக்கும் உதவியில் ஒரு சிறு பங்கை, இறக்காமல் காக்கவும் செலவிடலாம் அல்லவா?

நல்ல சமாரியரின் உவமை நமக்குத் தெரியும். அவர் இரக்கப்பட்டதோடு நிற்கவில்லை. காயத்துக்கு மருந்திட்டார், தன் வாகனத்தில் ஏற்றிச் சென்றார், சாவடிக்காரரிடம் செலவுக்கும் காசு கொடுத்தார். அயலவரின் வருத்தத்துக்கு ஆகும் செலவையும் கணக்கில் எடுப்பதே அன்பு என்பதை அந்த உவமை காட்டுகிறது.

கலந்துரையாடலுக்கு

1. எமது முகாமில் அல்லது லயத்தில் இந்தக் காய்ச்சலால் கூடிய ஆபத்துள்ளவர்கள் யார் யார்?
2. வருகிற தீபாவளிக்கும் சித்திரைக்கும் முன் அவர்களுக்கு ஊசி கிடைக்க நாம் யாரிடம் கேட்க வேண்டும்? கடிதத்தை யார் எழுதுவது?
3. காசு செலவில்லாமல் இன்றே செய்யக்கூடியது எது? அதை யார் பொறுப்பேற்பது?